துளைகள் பற்றிய அறிக்கை

மழை விட்ட மூன்றாம் நாள்
ருவைஸுக்குத் தெற்கே, குழாய் போகும் தடத்தில்
ஓர் ஓடை ஓடிக்கொண்டிருந்தது.
எங்கள் வரைபடத்தில் அது இல்லை.
கணுக்கால் ஆழம்,
பால் குறைந்த தேநீரின் நிறம்.

தஸ்நேவிஸ் தூத்துக்குடிக்காரன்.
தண்ணீரைக் கண்டால்
கம்பெனி பூட்ஸ் அவன் காலில் நிற்காது.
இறங்கினான், துழாவினான், நீட்டினான்:
உள்ளங்கை நீளம், ஒரு முனை உடைந்தது,
கருப்பட்டிக் கருப்பு.
"கல்லுன்னா கல்லுதாண்ணே.
ஆனா கல்லுக்கு எதுக்கு இத்தன ஓட்டை?"

ஓட்டை பார்ப்பதுதான் என் பிழைப்பு.
இரவில் கயிறு கட்டி, ஆட்களை விலக்கி,
பற்றவைத்த மூட்டுகளுக்கு
இரிடியம் காட்டிப் படம் எடுப்பேன்.
இரும்புக்கு எக்ஸ்ரே.
குண்டூசித் துளைகள் நாலு கூடித் தெரிந்தால்
பொரோசிட்டி என்று எழுதிக் கையெழுத்திடுவேன்.
மூட்டை அறுப்பார்கள்.
பற்றவைத்தவன் அன்று
என் மேசையில் சாப்பிட மாட்டான்.

மெஸ்ஸில் கறி வெட்டும் மொமின் மியாவிடம் போனோம்.
கண்ணை மூடி விரலால் உருட்டினார்.
ஆடு இல்லை. மாடு இல்லை.
ஒட்டகம் இவ்வளவு கனக்காது.
"இதை நான் வெட்டியதே இல்லை" என்று
கையைக் கழுவிக்கொண்டார்,
ஏதோ கறிதான் என்பதில் மட்டும்
சந்தேகமே இல்லாதவர்போல.

குல் ஜரீன் லாரியைவிட்டு இறங்கவில்லை.
வேர், என்றார்.
வேர் செத்த குழியில் சுண்ணாம்பு ஏறினால்
இப்படித்தான் கிடக்கும்,
எங்கள் மலையில் கூடை கூடையாக.

எலும்பென்றால் நாக்கில் ஒட்டுமாம்,
தஸ்நேவிஸ் யாரிடமோ கேட்டிருந்தான்.
இரண்டு நாள் வெயிலில் காயவைத்தோம்.
யார் நாக்கு?
ஒரு திர்ஹம் சுண்டினோம், கூஜாவா எழுத்தா என்று.
நான் தோற்றேன்.

உப்பு.
அதற்கு அடியில் மண்.
அதற்கும் அடியில் ருசி என்று ஒன்றுமில்லை.
நாக்கை எடுக்கப் பார்த்தேன்.
ஒரு நொடி
அது விடவில்லை.

களிமண்ணும் ஒட்டும், என்றார் குல் ஜரீன்.

அபுதாபியில் ஓர் அலுவலக எண் கிடைத்தது.
ஷம்மா என்ற பெண் படங்களைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:
எந்த மண்ணடுக்கில் இருந்தது?
அடுக்கில் இல்லை, ஓடையில்.
ஓடைக்கு எங்கிருந்து வந்தது?
தெரியாது, மேடம்.
உருண்டு வந்ததற்கு வயது சொல்வது கஷ்டம், என்றார்.
எலும்பாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.
எடுத்த இடத்திலேயே வையுங்கள், ஆள் வருவார்.
வைக்கும் முன் சும்மா சொல்வதுபோல் சொன்னார்:
அந்தப் பக்கம் ஒரு காலத்தில்
ஆறு ஓடியது. யானைகள் இருந்தன.

அன்றிரவு முகாம் முழுக்க யானை.
பதினாறு பேர் படுக்கும் அறையில்
அதற்கும் ஓர் இடம் ஒதுக்கினார்கள்,
ஏசிக்குக் கீழே.

விடிந்து போனால்
எடுத்த இடத்தைக் காணோம்.
ஓடை போயிருந்தது.
அது போன வழியில் ஈரம்கூட இல்லை,
ஓரமாய்க் கொஞ்சம் வெள்ளை உப்பு.
இங்கேதான் என்றான் அவன். அங்கே என்றேன் நான்.
நாற்பத்தொன்றாம் கிலோமீட்டர்,
ஏழாம் குச்சியடியில் வைத்து
மேலே ஒரு கூடை மணல் போட்டோம்.
ஆள் இன்னும் வரவில்லை.

ஒன்றை மறைத்துவிட்டேன்.
வைப்பதற்கு முந்தின இரவு
கடைசி மூட்டு முடிந்தும் ஒரு ஃபிலிம் மிச்சம் இருந்தது.
விதிப்படி குற்றம்.
வேனின் சிவப்பு வெளிச்சத்தில்
தொட்டிக்குள் மெல்ல எழுந்து வந்தது:
ஓரமெல்லாம் இறுக்கம்,
நடுவே வெந்த ஆப்பம்போல்
துளை, துளை, துளை.
பதினோரு வருடத்தில்
இத்தனை மோசமான மூட்டு பார்த்ததில்லை.
கை தானாகப் பேனாவைத் தேடியது.

மூட்டு எண் வரவேண்டிய மூலையில்
ஈய எழுத்துகளைக் கோத்து
யானை என்று அவனுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் வைத்திருந்தான்.
எங்கள் எழுத்துப் பெட்டியில்
கேள்விக்குறி கிடையாது.
ஒரு 2-ஐ எடுத்து
அடிக்கோட்டை வெட்டியிருந்தான்.