கிக்கு

திருத்துறைப்பூண்டி, உரக்கடை மாடி.
அட்டைக்கு ஒரு ரூபாய் நாற்பது காசு.
கலிபோர்னியாவில் யாரோ பென்சிலால் எழுதி
யாரோ பெட்டியில் போட்டு மறந்ததை
நானும் சாஜிதாவும் தட்டச்சு செய்கிறோம்.

மிவோக் என்று ஒரு சனம்.
அவர்கள் மொழியில் மனிதர் என்று மட்டுமே அதற்குப் பொருள்.
மலைப்பக்கத்தில் தண்ணீர், கிக்கு.
சாஜிதா மேசையில் கவிழ்ந்து சிரித்தாள்:
"சாயங்காலமானா உங்க ஊரு பஸ் ஸ்டாண்டு முழுக்க இந்த பாஷைதான்டி."
நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.
கரைப்பக்கத்தில் அதே தண்ணீர் லிவா.
இதிலென்ன அதிசயம்.
மேட்டூரில் கனஅடி,
எங்கள் வாய்க்காலில் 'வந்துச்சா?'

அட்டை 212. உலகம் இரண்டு பக்கம்:
நிலத்துப் பக்கம், நீர்ப் பக்கம்.
கரடி நிலம். மான், ஏனோ, நீர்.
மனிதரும் அப்படியே; பெண் எடுப்பது எதிர்ப்பக்கத்தில்.
சோற்றுப் பொட்டலத்தோடு நாங்களும் பிரித்தோம்.
எருமை நீர். ஆடு நிலம்.
நண்டுக்குச் சண்டை வந்தது.
நெல் பாதி நாள் நீர், பிறகு நிலம்.
மேலாளர் ரொசாரியோ நிலம், சந்தேகமே இல்லை.
நான்?
யோசித்துவிட்டு "நீ தாளடி" என்றாள்.

அட்டை 340. முதலில் எங்கும் தண்ணீர்.
கொயோட்டி
(கோடியக்கரைக் காட்டில் ஊளையிடும் நரிக்கு ஒன்றுவிட்ட அண்ணன்)
கோரைப் பாயை நாலு திசைக்கும் உதறினான்,
வடிந்துவிட்டது.
கார்த்திகை மழையில் மூன்று நாள் மிதந்த பாயை
நானும் உதறியிருக்கிறேன்.
பாய்தான் கிழிந்தது.

355-இல் ஒரு பெயர்.
பக்கத்தில் பொடி எழுத்தில்:
இறந்தவர், பெயரைச் சொல்லக் கூடாது என்றார்கள்.
சொல்லக் கூடாததை எழுதிய கை நடுங்கவில்லை.
கட்டத்தைக் காலியாக விட்டேன்.
மாலையே சிவப்பாகத் திரும்பி வந்தது:
விடுபட்டுள்ளது. பிழைக்கு மூன்று ரூபாய்.

போன மாசம் இ-சேவை மையத்தில்
ரேஷன் கார்டிலிருந்து தம்பியை நீக்க
அவன் பெயரை நான்தான் எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.
"சின்ன ர-வா, பெரிய ற-வா?"
அம்மா செருப்புகளுக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

கரைப்பக்கத்தாரின் செத்தவர்கள்
கடல் தாண்டி மேற்கே போகிறார்களாம்,
சூரியன் இறங்கும் இடத்துக்கு, கொயோட்டியிடம்.
எங்கள் கடல் கிழக்கே.
தம்பியைக் கோடியக்கரையில் கரைத்தோம்.
சுற்றுவழிதான்.
கிழக்கே போய்க்கொண்டே இருந்தால்
அந்த மேற்கு வரும்.

மூன்று ரூபாயைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன்.
ரொசாரியோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
சாஜிதா ஒன்றும் கேட்காமல்
அடுத்த அட்டையை என் பக்கம் தள்ளினாள்.

356. கிக்கு, வினைகளோடு:
குடிக்கிறேன்.
குடிக்கிறாய்.
குடிக்கிறான்.