படிகள் உள்ள படங்கள்

பீல் நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்து நிலவறை.
குண்டு விழுந்தால் ஒளிய என்று கட்டியது.
இதுவரை விழவில்லை.
கதவு ஒரு சாண் தடிப்பு,
வைஃபை உள்ளே வராது.
ஆகையால் மேல்தளத்திலிருந்து ஒரு நீலக் கேபிள்
படிப்படியாக இறங்கி எங்களிடம் வருகிறது.
யாரும் தடுக்கி விழாமல்
டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன்.

புதன் பின்னேரம், இரண்டு மணி.
பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை,
பெரியவர்கள் வேலையிடத்தில் கெஞ்சி
மாற்றி வாங்கிய நேரம்.
நகரசபை தந்தது ஒரு வகுப்புக்கான காசு.
எனவே ஏழு வயதும் ஐம்பத்தெட்டும்
ஒரே மேசையில்.
கதிரையின் உயரம் மட்டும் வேறு.

முதல் கிழமை
பிள்ளைகள் திரையைத் தடவினார்கள்.
அது அசையவில்லை. "செத்துப் போச்சு ரீச்சர்."
பெரியவர்கள் மௌஸை அந்தரத்தில் தூக்கி
ரிமோட் போல நீட்டினார்கள்.
இரண்டு பக்கமும் சமம் என்று
குறிப்பேட்டில் எழுதினேன்.

எங்களுக்கு முன் இருந்த யாரோ
எல்லாக் கணினிக்கும்
ஆங்கில விசைப்பலகையைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்.
விசையில் ஒய் இருக்கும், திரையில் இஸட் விழும்.
யோகமலர் அக்கா ஒற்றை விரலால்
கால்மணி நேரம் தன் பெயரை அடித்தார்.
வந்தது சோகமலர்.
வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்:
"இதுக்கு ஆர் போய்ச் சொன்னது?"
பிறகு சிரித்தார் பாருங்கள்,
அந்தக் கொங்கிறீற்றுக்கே புதுசு.
திருத்திக் கொடுத்தேன்.
திருத்தாத தாளையும் அச்சடித்து வாங்கிக்கொண்டு போனார்.

குணபாலன் அண்ணை துப்புரவுக் கொம்பனியில்.
பதினொரு கட்டிடத்து மாடிப்படிகள் அவர் பொறுப்பு.
வேலைநேரத்தை இனி இணையத்தில்தான் பதிய வேண்டுமாம்,
மாதம் முடிவதற்குள்.
பெயர், பிறந்த திகதி,
இரண்டு முறை மறந்த கடவுச்சொல்,
எல்லாம் தாண்டி வந்தவரை
ஒரு சின்னப் பெட்டி மறித்தது:
நீங்கள் இயந்திரம் அல்ல என்று காட்டுங்கள்.
படிகள் உள்ள படங்களைத் தெரிவு செய்க.

ஒன்பது கட்டம்.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டார்.
இது படி. இதுவும்.
இது படியில்லை, படி திரும்புகிற தட்டு,
ஆனால் ஊத்தை முதலில் வந்து குந்துவது இங்கேதான்.
இந்தக் கைப்பிடிக்குக் கீழே, படம் முடிகிற விளிம்பில்,
ஒரு படியின் மூக்கு தெரியுதே,
அதை விடேலாது.

மீண்டும் முயலுங்கள்.

மூன்று தரம்.
நான் பக்கத்தில் நின்று பிழையைத் தேடினேன்.
அவர் காட்டியதெல்லாம் படிதான்.

ஆரபி, முன்பல் இரண்டும் இல்லாதவள்,
சில்லு வைத்த கதிரையோடு உருண்டு வந்தாள்.
"மாமா, உங்களுக்குத் தெரிஞ்சதை அமத்தாதேங்கோ.
அதுக்குத் தெரிஞ்சதை அமத்துங்கோ."

அமத்தினார். நாலே நாலு.
பச்சைச் சரி விழுந்தது.
எல்லோரும் கைதட்டினார்கள்.
அவர் அந்த ஐந்தாவது கட்டம் இருந்த இடத்தையே
பார்த்துக்கொண்டிருந்தார்.

வெட்டு, ஒட்டு, சேமி:
அன்றைய பாடத்திட்டம்.
ஒன்றுக்கும் போகவில்லை.

நாலு மணிக்கு அந்தக் கதவை
இரண்டு பேர் சேர்ந்து தள்ளிச் சாத்தினோம்.
அண்ணை முன்னால் ஏறினார்.
தட்டில் நின்று, குனிந்து,
மூலையில் ஒட்டிக் கிடந்த சுவிங்கத்தைச்
சாவி முனையால் கிளப்பித்
தாளில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டார்.
பின்னால் எண்ணிக்கொண்டே வந்த ஆரபி சொன்னாள்,
"பதினேழு."
"பதினெட்டு," என்றார் திரும்பாமலே.
"நீ நிக்கிறதையும் சேர்."