ஐந்து பிரதி

ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பர்மா தனி நாடு.
மாசிக் கடைசியில்
என்னையும் என் ரெமிங்டனையும் ஒரே மாட்டு வண்டியில்
தேவகோட்டைக்கு ஏற்றி வந்தார்கள்.
வண்டிச் சத்தம் எனக்கில்லை, மிஷினுக்கு.

மேசையைச் சுற்றி எட்டுக் கடை முதலாளிகள்,
மதுரையிலிருந்து ஒரு வக்கீல்.
ரங்கூனுக்கு, டில்லிக்கு, லண்டனுக்கு,
வக்கீலுக்கு ஒன்று, பைலுக்கு ஒன்று.
ஐந்து பிரதி, நாலு கார்பன்.

முதல் சரத்து நிலம்.
ஐராவதி வண்டலில் யார் யாருக்கு எத்தனை ஏக்கர்,
பிரிந்த பிறகும் அந்தப் பத்திரம் செல்லுமா,
எழுத்தில் வேண்டும்.
இரண்டாவது அடமானம். மூன்றாவது கோர்ட்டு டிகிரி.
நாலாவதற்கு வரும்போது ராத்திரி மணி பதினொன்று:
மேலாளும் அடுத்தாளும் பெட்டியடிப் பையனும்
மூன்று வருஷக் கணக்கு முடித்துத் திரும்பவும்
மறுபடி கப்பலேறவும் தடையிருக்கக் கூடாது.
நிலத்துக்கு ஏழு பக்கம்.
ஆளுக்கு முக்கால்.

சேவுகன் காப்பி கொண்டுவந்தான்.
பியாப்போன் கிட்டங்கியில் பதினாலு வருஷம்
எட்டுக் கடைக்கும் சோறு வடித்தவன்.
தம்ளர் வைக்கிற சாக்கில் குனிந்து,
"நம்ம மா டின்னும் புள்ளையும்
இதுல எங்கெ வர்றாகன்னு பாருங்க."

பார்த்தேன். வரவில்லை.
நாலாம் சரத்தின் வாலில்
'அவர்களைச் சார்ந்தவர்களும்' என்று நானே சேர்த்தேன்.
இங்கிலீஷில் மூன்றே சொல்.

காலையில் வக்கீல் உரக்க வாசித்தார்.
வாலுக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.
"சார்ந்தவர்கள்னா, யார் யார்?"

சென்ட் பிசகாமல் நிலம் சொன்ன மேசை.
ஒருவர் விபூதிச் சம்புடத்தை மூடினார்,
மூடியதைத் திறந்தார்.
மௌல்மேனில் இருபது வருஷம் இருந்த அடைக்கப்பர்
ஜன்னல் கம்பிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.
இரண்டாங்கட்டில் மாவிடிக்கிற சத்தம்
அதுவும் நின்றது.

"அது வேணாம்" என்றது ஒரு குரல்.
யாரென்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.
கூலிக்கு வந்தவன்.
"திரும்ப அடிக்க நேரமில்லை, தபால் போகணும்,
அப்படியே அடிச்சிடு" என்றார் வக்கீல்.

ஐந்து தாளையும் மறுபடி அடுக்கிச் செருகி
மூன்று சொல்லின் மேலும் எக்ஸ் எழுத்தை ஓட்டினேன்.
மேல் தாளில் நன்றாகக் கறுத்து மூடிக்கொண்டது.
ஐந்தாவதில் மட்டும்
எக்ஸ் அரை எழுத்து தள்ளி விழுந்து
வாசிக்க வருகிறது.
அது பைல் பிரதி. பீரோவுக்குள் போகிறது.

சாயங்காலம் மிஷினை வண்டியில் ஏற்றும்போது
ஈரக் கையோடு ஓடிவந்து
மறுபக்கம் பிடித்தான் சேவுகன்.
"நம்ம வரிய அடிச்சாச்சா?"

"அடிச்சாச்சு."

"அப்ப அவளுக்கு ஒரு கார்டு போட்டுர்றேன்" என்றான்.
காலணா குறைந்தது.
கொடுத்தேன்.