நாட்கள் என்ற கட்டம்

விடுப்புப் படிவத்தில்
அந்தக் கட்டம் மட்டும் காலி.

இரண்டு போதும் என்கிறாள் ரெஜினா;
அவளுக்கு முழங்கால்.
ஐந்து என்கிறான் தணிகை;
போன வருஷம் வாங்கிய கூடாரத்தை
இன்னும் பிரிக்கவே இல்லையாம்.

ஒகேனக்கல்லில், மீன் பொரிக்கும் புகைக்கு நடுவே
ரப்பர் படகுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார் மாதையன்.
எங்களைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்தார்.
பிலிகுண்டுலுவில் ஆறாயிரம் கனஅடி.

"இந்தத் தண்ணிக்கு மூணு நாள்.
ராத்திரி மேல மழை பேஞ்சா
அதே தூரம் ரெண்டு.
இன்னும் ஏறுச்சுன்னா
போலீஸ் கயிறு கட்டிரும். சைபர்."

காற்றடிப்பது நிற்கவில்லை.

"மொத நாளு பாறைக்குப் பாறை கத்துவீங்க.
ரெண்டாம் நாளு தோளு கழண்டு
எதுக்குடா வந்தோம்னு உக்காந்திருப்பீங்க.
அன்னிக்கே எறக்கி விட்டா
ஆத்தத் திட்டிக்கிட்டே போவீங்க.
மூணாம் நாளுதான்
துடுப்பு சொன்ன பேச்சு கேக்கும்."

நாலாம் நாள்? என்றான் தணிகை.

"அரிசி இருக்காது."

மூன்று என்று எழுதினேன்,
பென்சிலால்.
குடகுப் பக்கம் மேகம் என்று
டீக்கடையில் யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பென்னாகரம் மருந்துக்கடையில்
தைலப் புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
ரெஜினா கேட்கிறாள்:
மூணு நாளைக்கு இது காணுமா?