எண்பது சொற்கள்

என் வேலை இதுதான்:
தலைமைப் பயிற்சியாளர்களின் முற்பிறவிகளை
ஆளுக்கு எண்பது சொல்லில் அடக்கிப்
படத்துக்குக் கீழே பொருத்துவது.
டாலின் துறைமுகம் தெரியும் நான்காம் மாடி.
பனிக்கட்டியைத் தள்ளிக்கொண்டு
ஹெல்சின்கிக் கப்பல் எட்டு மணிக்குக் கிளம்பும்.
நான் வெட்டத் தொடங்குவேன்.

இதற்கு முன் ஒரு நாளிதழில்
இரங்கல் அறிவிப்புகள் எழுதினேன்.
அங்கே நாற்பது சொல்தான்.
இங்கே உயிரோடிருப்பதால் இரட்டிப்பு.

ஆர்வோ பத்தொன்பது ஆண்டு மயக்க மருத்துவர்.
“கண் சொருகும் முன் மனிதர்கள் கடைசியாகச் சொல்வது
பெரும்பாலும் ஏதாவதொரு கடன் கணக்கு”
என்று எழுதியிருந்தார்.
அதை எடுத்துவிட்டு
‘நெருக்கடி முடிவுகளில் ஆழ்ந்த அனுபவம்’ என்று போட்டேன்.
ஆறு சொல் மிச்சம்.

பிர்கித், விமானக் கட்டுப்பாட்டுக் கோபுரம்.
ஒரே இரவில் முப்பத்தொரு விமானங்களை
மூடுபனிக்குள் குரலாலேயே இறக்கியவள்.
நேற்று மூன்று பேர் தொடங்கிய நிறுவனத்தில்
இரண்டு பேரைப் பேசவைக்க முடியாமல்
வெளியே வந்து என்னிடம் சிகரெட் கேட்டாள்.
நான் புகைப்பதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

முன்னாள் வங்கியாளர்கள்தான் அதிகம்.
அவர்கள் குறிப்புகளை மாற்றிப் போட்டாலும்
யாருக்கும் தெரியாது.
ஒருமுறை மாற்றிப் போட்டேன்.
தெரியவில்லை.

ஹெல்வே ஓயாசாலு மட்டும் கையால் எழுதிக் கொடுத்தார்.
ஜவுளி ஆலை, பணியாளர் துறைத் தலைவர், 1996–2008.
பயிற்சியாளர், 2011 முதல்.
நடுவே வெறும் வெள்ளை.
மேலாளர் அதில் ‘ஓய்வு விடுப்பு’ என்று சேர்த்தார்.
ஹெல்வே என் பேனாவை வாங்கி அடித்தார்.

“ஆலையை மூடினோம். நானூற்றுப் பன்னிரண்டு கடிதம்.
கையெழுத்து எல்லாம் என்னுடையது.
பிறகு மூன்று வருடம்
ஒரு நூலகத்தில் புத்தகம் அடுக்கினேன்,
அகர வரிசையில், யாரோடும் பேசாமல்.
அதையும் போடாதே.
வரவேண்டியவர்கள் அந்த வெள்ளையில்தான்
விரல் வைப்பார்கள்.”

மார்ச்சில் தானெல் வைத்தான்.
சரக்கு ட்ரோன் நிறுவனம், இருபத்தாறு ஊழியர்கள்,
கையில் பணம் ஏழு வாரத்துக்கு.
வங்கியாளர்கள் பக்கம் அவன் திரும்பவேயில்லை.
“இந்த மூன்று வருடம் இவர் என்ன செய்தார்?”
எனக்குத் தெரியாது என்றேன்.

கண்ணாடி அறை என் மேசைக்கு நேரே.
பெயர்களைச் சொல்கிறான் போலும்,
உதடு அசைவதும் நிற்பதுமாக இருந்தது.
ஹெல்வே தலையாட்டவில்லை, எதையும் குறித்துக்கொள்ளவில்லை.
இருவர் காபியிலும் ஏடு படிந்தது.
ஐம்பது நிமிடம்.
வெளியே வந்தவன் கையுறையை மறந்து போனான்,
திரும்பி வந்து ஒன்றை மட்டும் எடுத்துப் போனான்.

மாலையில் ரசீது.
‘வழங்கிய சேவை’ என்ற கட்டத்தைக்
காலியாக விட்டால் மென்பொருள் ஏற்காது,
சிவப்பில் முறைக்கும்.
ஒரு புள்ளி வைத்தேன்.

ஏற்றுக்கொண்டது.