பதினான்காம் கேள்வி

ஏரிக்கு விலை கேட்டுவர அனுப்பினார்கள்.
பிஷ்கெக்கிலிருந்து ஒன்பது மணி நேரம்,
கதவைக் கயிற்றால் கட்டிய நிவா காரில்.

கேள்வித்தாளில் முப்பத்தொரு கேள்விகள்.
வயது, படிப்பு, ஆடு எத்தனை, குதிரை எத்தனை,
பதின்மூன்று வரை எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள்.
பதினான்கு:
துனுக் ஏரி இன்றுபோலவே இருக்க
உங்கள் குடும்பம் ஆண்டுக்கு எத்தனை சோம் தரச் சம்மதிக்கும்?

ஐசல்கின் குதிரைப்பால் கறந்துகொண்டிருந்தாள்.
தலை நிமிராமல் கேட்டாள்:
"விற்கிறவன் யார்?"
அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டேன்.

டோலோகோன் பூஜ்யம் என்றார்.
"என் பல்லுக்கு நான் வாடகை கட்டுவதில்லை."
பயிற்சி வகுப்பில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்:
கையில் காசில்லாத பூஜ்யம் வேறு,
கோபத்தில் வரும் பூஜ்யம் வேறு.
இரண்டாவதற்கு 99 என்று போடு,
அது கணக்கில் சேராது.
99 போட்டேன்.
அவர் என் தேநீரில் இன்னொரு கரண்டி ஜாம் போட்டார்.

கடைக்காரர் மெடெர்பெக்
மாதத்துக்கா வருஷத்துக்கா என்று விசாரித்தார்,
ரசீது உண்டா என்று விசாரித்தார்,
இருநூறு என்றார்.
பாலம் வரை பின்னாலேயே ஓடிவந்து
நூற்றைம்பது என்று திருத்தச் சொன்னார்.
வீட்டில் திட்டு விழுந்திருக்கும்.

மேலே பனியாற்றுக்கு அடியில் தங்கம் இருக்கிறது.
பக்கத்துச் சுரங்கத்தில் ஏழு வருஷம் லாரி ஓட்டிய எர்கேஷ்
தாளை வாங்கிப் படித்துவிட்டுச் சொன்னான்:
"தலைகீழாகக் கேளுங்களேன்.
காப்பாற்ற நாங்கள் ஏன் தர வேண்டும்?
கெடுக்க விட்டால் எங்களுக்கு எவ்வளவு என்று கேளுங்கள்."
அப்படிக் கேட்டால் தொகை எகிறிவிடும்.
அலுவலகத்துக்கும் அது தெரியும்.
கொஞ்ச நேரம் கழித்து அவனே,
"சுரங்கம் வந்தால் மறுபடி லாரி ஓட்டத்தான் போவேன்.
அதையும் எழுதிக்கொள்ளுங்கள்" என்றான்.
எழுதிக்கொண்டேன்.

புருல்கான் பணமாகச் சொல்லவில்லை.
நூற்றறுபது ஆடு, மூன்று குதிரை.
"அந்த நொண்டி ஆட்டை மட்டும் விட்டுவிடு,
அது தூரம் நடக்காது."
சந்தை விலையில் பெருக்கிப் பார்த்தேன்,
பதினேழு லட்சத்துச் சொச்சம் சோம்.
விளையாட்டாகச் சொல்கிறவள்
நொண்டி ஆட்டுக்காகப் பேரம் பேசமாட்டாள்
என்று எனக்குப் பட்டது.
கணினிக்கு அப்படிப் படவில்லை.
மிகை மதிப்பு என்று கத்தரித்துவிட்டது.

கோபத்தை நீக்கி, புருல்கானை நீக்கி,
மிஞ்சியவர்களைக் கூட்டி வகுத்ததில்
குடும்பத்துக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு சோம்.
பிறகு எட்டு சதவீதத் தள்ளுபடி,
நாளைய ஏரி இன்றைய ஏரியைவிட மலிவு என்பதால்.
முப்பதாம் வருஷம் அது பத்தில் ஒன்றாகியிருந்தது.
அந்த வருஷத்துக் குட்டிகளுக்கும்
தாகம் பத்தில் ஒன்றுதான் எடுக்கும் போல.

கேட்டுவந்த கூலி
நாளொன்றுக்கு ஆயிரத்து எண்ணூறு.
வாங்கிக்கொண்டேன், பல் வைத்தியருக்குக் கொடுத்தேன்.

செப்டம்பரில் தரவு ஏற்றும் பெண் போன் செய்தாள்.
"நாற்பத்தேழாம் தாளில், ஓரத்தில்,
விற்கிறவன் யார் என்று இருக்கிறதே,
இது அவர்கள் சொன்னதா, நீங்கள் கேட்டதா?"

காலியாக விட்டுவிடு என்றேன்.

காலியாக விட முடியாதாம்.
அந்தக் கட்டத்தில் ஏதாவது ஓர் எண் வேண்டுமாம்.