விலாக்குத்து

எட்டுக்கும் எட்டுக்கும் நடுவில்
எனக்கு ஒரு நாள் கிடைக்கிறது.
காலை எட்டுக்கு மூன்று குளிகை,
இரவு எட்டுக்கு இரண்டு.
நினைவூட்ட, கைபேசியில் ஒரு தவளை.
பேருந்தில் அது கத்தினால்
ஓட்டுநர் கண்ணாடியில் பார்ப்பார்.
நான் அதில்லை என்று தலையாட்டுவேன்.

ஓட்டக் கழக அட்டையில் என் முகம் முழுநிலா.
உவமை இல்லை, ஸ்டீராய்டு.
இப்போது தேய்ந்துவிட்டது.
வாசலில் அட்டையைப் பார்ப்பவர்
என்னை இரண்டு தடவை பார்க்கிறார்.

நெஞ்செலும்பின் கீழே தொடங்கி
இரண்டு விலாவுக்கும் பிரிந்து போகிற தழும்புக்கு
மருத்துவர்கள் ஒரு காரின் பெயர் வைத்திருக்கிறார்கள்.
மெர்சிடிஸ்.
ஐந்து கிழமைக்குப் பிறகு
அப்பா அன்றுதான் சிரித்தார்.
"இருபத்தி மூன்று வருஷமா இந்த நாட்டில,
நான் இன்னும் ஓப்பல்தான் ஓடுறன்."

அம்மா சிரிக்கவில்லை.
அம்மாவுக்கு எல்லாமே ஈரக்குலையில்தான் நடக்கும்.
தொலைபேசி அடித்தால் அது பதறும்.
நான் படிகளில் பாய்ந்து இறங்கினால் நடுங்கும்.
இப்போது அந்தச் சொல்
உதடுவரை வந்து, என்னைக் கண்டு,
உள்ளே போய்விடுகிறது.
"நெஞ்சு பதறுதடி" என்கிறாள்,
வேறு யாருடைய அம்மாவோ மாதிரி.

எனக்கொரு சந்தேகம், கேட்கத்தான் ஆளில்லை:
நான் பயப்படும்போது
நடுங்குவது யார்?

இந்த ஊருக்கே இரண்டு பெயர்.
ரயில் நிலையத்தில் இரண்டையும் எழுதியிருக்கிறார்கள்,
பீல், பியென்,
நடுவே ஒரு கோடு.
இங்கே ஓர் உடம்பில் இரண்டுபேர் என்றால்
யாரும் திடுக்கிடப் போவதில்லை.

கடிதம் எழுதலாம் என்றார்கள்.
பெயர் கூடாது. ஊர் கூடாது.
கொடுத்தவர் ஆணா பெண்ணா, சொல்லமாட்டார்கள்.
'நன்றி' என்று நான்கு தடவை தொடங்கிக் கிழித்தேன்.
மீதிக் காசு வாங்கும்போதும்
அதைத்தான் சொல்கிறேன்.

நவம்பர், வியாழன் பின்னேரம்.
ஏரியிலிருந்து ஏறிவந்த மூட்டத்தில்
மைதான விளக்குகள் பால் கலங்கி நின்றன.
ஆயிரத்து ஐந்நூறு மீற்றர்.
மூன்றாம் சுற்றில், வலது விலாவின் கீழே,
சரியாக அங்கேயே,
குத்தியது.

நின்றுவிட்டேன்.
பெர்னுக்கு எத்தனை நிமிடம்,
அப்பாவின் ஓப்பலில் பெட்ரோல் இருக்கிறதா,
கடைசி இரத்தப் பரிசோதனை எந்தத் திங்கள்,
எல்லாம் ஒரே மூச்சில்.

ஸ்பிண்டன் ரீச்சர் ஓடிவரவில்லை. நடந்துதான் வந்தார்.
தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் கேட்டார்.
பிறகு கேட்டார்:
"மத்தியானம் என்ன சாப்பிட்டாய்?"
"பாஸ்தா. ரெண்டு தட்டு."
"விலாக்குத்து. குனி. மூச்சை முழுக்க விடு.
எல்லோருக்கும் வருவதுதான்."

பின்னால் வந்த லியோனியும் நின்றாள்,
பிறந்ததிலிருந்து தடிமனைத் தவிர
ஒன்றும் கண்டிராத லியோனி,
அதே இடத்தைப் பிடித்துக்கொண்டு:
"எனக்கும்."

இரண்டுபேரும் குனிந்து நின்றோம்.
கோப்பு எண் இல்லாத வலி.
யாரும் ஊசி எடுக்கவில்லை.
இரண்டு வருடத்தில் முதல் தடவையாக
வலிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது.
லியோனி முறைத்தாள்.
அப்போது பையில் தவளை கத்தியது.
"நவம்பரிலயா?" என்று
புல்லுக்குள் தேடப் போனாள்.

இரவு ஐந்தாம் கடிதம்.
*இன்று ஓடும்போது எங்களுக்கு வலித்தது.
பயப்படவேண்டாம்.*
தமிழில் யோசித்தால் அந்த 'எங்களுக்கு' இடறுகிறது.
எங்களுக்கா, நமக்கா?
வாசிக்கப்போகிறவர்களை உள்ளே எடுப்பதா,
வாசலில் நிறுத்துவதா?
நல்லவேளை, ஜெர்மனில் அதற்கு
ஒரே ஒரு சொல்தான்.
அதை எழுதினேன்.

கடைசிச் சுற்று இரண்டு நிமிடம் பதினொரு செக்கன்.
மோசம்தான். அதையும் எழுதினேன்.
அடுத்த வியாழன் மழையாம்.